பழைய வேதப்புத்தகத்தின் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

மூத்தவர் ஒருவர் காலமான பின் அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்யும்போது, சாமான் அறையின் மூலையில் துணியில் சுற்றிய பழைய தமிழ் வேதப்புத்தகம் (பைபிள்) கிடைப்பது சிங்கப்பூரில் அபூர்வமன்று. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை, அங்கும் இப்படிப்பட்ட புத்தகங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அச்சான நூல் என்ற அளவில் இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. ஆயிரக்கணக்கில் அச்சிட்டு மலிவாக விற்றவைதான். முன்னும் பின்னும் உள்ள வெற்றுத் தாள்களில் யாரோ கையால் எழுதி வைத்த பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவையே அதன் உண்மையான பெறுமதி. அந்த இரண்டு மூன்று பக்கங்களைக் கொண்டு, புத்தகம் எந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது என்பதைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். தம் பாட்டியின் புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் யார் யாருடையவை என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

ஆங்கிலத்தில் வெளிவரும் வம்சாவளி வழிகாட்டிகள் அனைத்தும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகி, பேரனிடம் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆகவே நாம் பெயருக்கு முன்பாக எழுத்தைப் படிக்க வேண்டும். எழுதியவர் தேதியை எப்படிக் குறித்தார், மாதத்தை என்னவென்று சொன்னார், ஆங்கிலப் பெயரைத் தமிழில் எப்படி எழுதினார் என்பவை, ஆவணக் காப்பகத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே அவருடைய ஊரைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும், கையுறை வேண்டாம். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது. நைந்த தாள் கிழிவதற்கு அதுவே காரணமாகிவிடும். புத்தகத்தை மேசையில் வைத்து, இரு பக்கமும் சுருட்டிய துண்டுகளை அணைகொடுத்து, அட்டை எவ்வளவு இயல்பாகத் திறக்கிறதோ அவ்வளவு மட்டும் திறக்க வேண்டும். தட்டையாக விரித்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். ஒட்டுநாடா ஒட்டுவது, பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்வது, வெயிலில் காயவைப்பது ஆகிய மூன்றையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் வந்துவிடும் என்பதால், சமையலறையை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், கேமரா வைக்கும் ஈரம் நீக்கிய பெட்டி இருந்தால் அதில் வைப்பது நல்லது.

பக்கங்களுக்கு இடையில் இருப்பவற்றை உடனே உருவி எடுத்துவிடக் கூடாது. குருத்தோலைச் சிலுவை, காய்ந்த பூ, சபைச் சந்தா ரசீது, புகைப்படம், மணியார்டர் துண்டு, கப்பல் பயணச் சீட்டு என்று எதுவும் இருக்கலாம். எந்த அதிகாரத்தில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியும்படி இருந்த இடத்திலேயே முதலில் படம் பிடித்து, அதன் பிறகே தனி உறையில் போட வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த ரஜூலா கப்பலின் சீட்டு ஒன்று கிடைத்தாலே போதும். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியதால், அந்தக் குடும்பத்தின் போக்குவரத்து எந்தக் காலத்தது, எந்தத் துறைமுகத்தோடு தொடர்புடையது என்ற இரண்டும் அதிலிருந்தே பிடிபடும்.

கையெழுத்துப் பக்கங்களை இரண்டு முறை படம் பிடியுங்கள்: முதலில் நேர் வெளிச்சத்தில், பிறகு விளக்கை ஒரு பக்கமாகத் தாழ வைத்து, சாய்வான வெளிச்சத்தில். மை வெளிறிப் போயிருந்தாலும் பேனா முனை தாளில் அழுத்திய தடம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். பழைய இரும்பு மை பழுப்பேறி மங்கியிருந்தால், பண நோட்டுகளைச் சோதிக்கப் பயன்படும் புற ஊதா டார்ச்சைச் சில விநாடிகள் காட்டிப் பாருங்கள். தாள் ஒளிர, மை கறுத்துத் தெரியும்.

அச்சான ஆண்டும் எழுதிய ஆண்டும்

தலைப்புப் பக்கம் இருந்தால் அச்சான ஆண்டும் இடமும் அதிலேயே இருக்கும். பெரும்பாலான பழைய பிரதிகளில் முதல் தாள்தான் கிழிந்து போயிருக்கும். அப்போது ஆதியாகமத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். கடவுளைக் குறிக்க அங்கே ‘பராபரன்’ என்று இருந்தால், அது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது என்று கொள்ளலாம். ‘தேவன்’ என்று இருந்தால், பெரும்பாலும் அது 1871-இல் வெளியான, பவர் என்பவர் தலைமையில் பல சபைகள் சேர்ந்து திருத்திய ஐக்கிய மொழிபெயர்ப்பாக இருக்கும். இன்றுவரை புராட்டஸ்டண்டு வீடுகளில் பெரிதும் வாசிக்கப்படுவது அதுவே. லுத்தரன் சபையார் ஐக்கிய மொழிபெயர்ப்பை உடனே ஏற்காமல் ஃபப்ரிசியுஸையே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஆகவே அச்சு புதிதாகவும் சொல் ‘பராபரன்’ ஆகவும் இருக்கும் புத்தகம், தரங்கம்பாடி, தஞ்சாவூர் பக்கத்து லுத்தரன் குடும்பத்தைத் தேடச் சொல்கிறது.

அச்சான ஆண்டு தெரிந்தவுடன் அதைக் கையெழுத்துக் குறிப்புகளோடு ஒப்பிட வேண்டும். பலரும் தாவிச் சென்றுவிடும் படி இது. புத்தகம் 1920களில் அச்சானது, முதல் குறிப்பு 1880களில் பிறந்தவரைப் பற்றியது என்றால், அந்தக் குறிப்பு நிகழ்ந்த அன்று எழுதப்பட்டதாக இருக்க முடியாது. பழைய புத்தகத்திலிருந்தோ நினைவிலிருந்தோ பிரதி செய்தது. ஐந்து பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அதுவும் ஒரே உட்காரலில் எழுதியதே. அப்படிப்பட்ட தேதிகளை நம்பலாம், ஆனால் வேறிடத்தில் உறுதிப்படுத்தாமல் அவற்றின்மேல் எதையும் கட்டக் கூடாது. கையெழுத்து மாறும் இடத்தில் பென்சிலால் அல்ல, உங்கள் குறிப்பேட்டில் அடையாளமிடுங்கள்; பெரும்பாலும் புத்தகம் கைமாறிய இடம் அதுதான்.

தேதிகள்

நம் முன்னோர் குறித்த தேதிகளைப் படிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். தமிழ் எண்களில் ‘௲௮௱௭௰௬’ என்று இருந்தால் அது 1876. ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும். ‘௵’ வருடத்தையும், ‘௴’ மாதத்தையும், ‘௳’ நாளையும் குறிக்கும். அறுபது வருடப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. தாது வருஷம் என்றவுடன் பஞ்சத்தை நினைத்து 1876 என்று எழுதிவிடுகிறோம். 1936-இல் பிறந்ததும் தாதுதான். எது என்பதை முடிவு செய்ய, முன் சொன்ன அச்சு ஆண்டும் மற்றக் குறிப்புகளும் உதவும். திருநெல்வேலியின் தென்பகுதியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது ஆகஸ்டு நடுவில் பிறப்பதால், டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824-உம், ஜனவரிக்குப் பிறகு வருவனவற்றுக்கு 825-உம் கூட்ட வேண்டும். கொல்லம் 1070 என்றால் 1894 அல்லது 1895.

இதைவிடப் பெரிய பொறி வேறொன்று. அதில் நானே விழுந்திருக்கிறேன். என் கைக்கு வந்த புத்தகம் ஒன்றில் ‘1900ம் ஆண்டு மாசி மாதம் 4ந் திகதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்’ என்று இருந்தது. மாசி நான்கு என்றால் பிப்ரவரி 15ஐ ஒட்டியது என்று கணக்குப் போட்டு, அந்த வாரத்துப் பதிவுகளையே திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன். எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். இலங்கைத் தமிழர் ஜனவரியைத் தை என்றும் பிப்ரவரியை மாசி என்றும் அப்படியே வழங்குவர். அவருக்கு மாசி 4 என்பது பிப்ரவரி 4 மட்டுமே. கிழமையைச் சரிபார்த்திருந்தாலே பிழை வெளிப்பட்டிருக்கும்: 1900 பிப்ரவரி 4 ஞாயிறு, 15ஆம் தேதியோ வியாழன். கிழமை எழுதியிருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் கைப்பேசி நாட்காட்டியில் அந்த ஆண்டுக்குப் போய்ச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு அதன் பிறகே வந்தது.

அந்தக் குறிப்பிலேயே விடையும் இருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ‘தேதி’ என்று எழுதாமல் ‘திகதி’ என்று எழுதியவர் இலங்கைப் பள்ளியில் படித்தவர். புரட்டாசியைப் ‘புரட்டாதி’ என்பது, ஜானை ‘யோன்’ என்பது, டீச்சரை ‘ரீச்சர்’ என்பது, தாயின் தாயை ‘அம்மம்மா’ என்று குறிப்பது ஆகியவை அதே திசையைக் காட்டும். ‘ஆச்சி’ என்ற சொல் இரு கரையிலும் உண்டு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பெயர் சொல்லும் செய்தி

ஞானஸ்நானப் பெயரைப் பார்த்தே சபையை ஊகிக்கலாம். இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, யாகப்பன் என்று இருந்தால் அது பெரும்பாலும் கத்தோலிக்க வீடு. அதே ஆட்கள் புராட்டஸ்டண்டு வீட்டில் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு, யாக்கோபு ஆகிவிடுவார்கள். வேதமாணிக்கம், ஞானமுத்து, தேவசகாயம், மாசிலாமணி போன்ற தமிழ்ப் பெயர்கள் திருநெல்வேலிப் புராட்டஸ்டண்டு சபைகளில் மிகுதி. ஆனால் அவை எல்லாச் சபைகளிலும் தட்டுப்படுவதால் தனியே நின்று சான்றாகா. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிய அமெரிக்க மிஷனின் பள்ளிகளில், மாணவர்களின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரையே மாணவருக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. தமிழ்க் குடும்பத்தின் தலைப்பில் நியூ இங்கிலாந்துப் (வடகிழக்கு அமெரிக்கா) பெயர் ஒன்று நின்றால் கலப்புத் திருமணம் என்று முடிவுகட்டாமல், அந்த மிஷன் பள்ளிகள் இருந்த வட்டுக்கோட்டையையும் உடுவிலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். மணமாகிப் போகும் மகளிடம் வேதப்புத்தகத்தைக் கொடுத்தனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. ஆதலால் புத்தகம் தந்தை வழியில் இறங்காமல் தாய் வழியில் வீடு வீடாக நகர்ந்திருக்கும். முதல் பக்கத்தில் உள்ள ஆணின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆண் வாரிசுகளை மட்டும் தேடுபவர், புத்தகம் போன தெருவுக்கு நேர் எதிர்த் தெருவில் நடக்கிறார்.

சிங்கப்பூரில் தேடும் இடங்கள்

அரசு ஆவணத்திற்கு முன்பாகச் சபைப் பதிவேட்டுக்குப் போவதே என் வழக்கம். திருமணப் பதிவேட்டில் மணமக்களின் தந்தையர் பெயர், தொழில், முகவரி, சாட்சிகளின் கையொப்பம் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் கிடைக்கும். அரசுச் சான்றிதழைக் காட்டிலும் செறிவான பக்கம் அது. சாட்சிகள் பெரும்பாலும் மைத்துனரோ சித்தப்பாவோ ஒரே ஊர்க்காரரோதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப் பெற்றோரின் பெயரையும் இதே கண்ணோடு பாருங்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்து 1888-இல் திறக்கப்பட்ட ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம், 1887-இல் தொடங்கிய ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டோர்செட் ரோட்டில் உள்ள ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச் ஆகியவை பழைய குடும்பங்களின் மூன்று முக்கிய வாசல்கள். மெதடிஸ்ட் சபைக்குப் பார்க்கர் ரோட்டில் தனி ஆவணக் காப்பகமே உண்டு. சபை அலுவலகத்துக்கு எழுதும்போது ‘எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால் பதில் வராது. பெயர், ஐந்து ஆண்டுக்கு மிகாத கால இடைவெளி, எந்தப் பதிவேடு என்று மூன்றையும் குறிப்பிட்டு, புத்தகப் பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். தன்னார்வலர் ஒருவர்தான் ஞாயிறு ஆராதனை முடிந்து அதைத் திறந்து பார்க்கப்போகிறார்.

அடுத்தது நாளிதழ்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு வரை வீட்டிலிருந்தே தேடலாம். ஆங்கிலம் படித்த ஆசியரை வாசகராகக் கொண்ட மலாயா டிரிபியூனில் உள்ளூர்த் திருமணங்களும் மரணங்களும் நிறைய வெளிவந்தன. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைத் தேடுவோர் முதலில் அதைப் பார்க்கலாம். ஞானமுத்து என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். கணினி அதை ஐந்தாவது விதமாகப் படித்திருக்கும். ஆகவே பெயரை மட்டும் தட்டாமல், தெருவின் பெயர், சபையின் பெயர், வேலை பார்த்த இலாகாவின் பெயர் ஆகியவற்றோடு ‘மரணம்’, ‘நன்றியறிதல்’ போன்ற அறிவிப்புச் சொற்களின் ஆங்கில வடிவத்தைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். இரங்கல் அறிவிப்பில் பிள்ளைகளும் மருமக்களும் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்குமானால், புத்தகத்தில் நின்றுபோன தலைமுறை அங்கே தொடரும். ரயில்வேயிலோ அரசாங்க அலுவலகத்திலோ எழுத்தராக இருந்தவர் என்று தெரிந்தால், ஆண்டுதோறும் வெளிவந்த சிங்கப்பூர், ஸ்ட்ரெய்ட்ஸ் டைரக்டரியில் இலாகா வாரியாக அவரைத் தேடலாம். எந்த ஆண்டில் பெயர் முதலில் தோன்றுகிறது, எந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது என்பதே ஒரு வாழ்க்கைக் குறிப்பு.

பிறப்பு இறப்புப் பதிவு இங்கே 1872-இல் தொடங்கியது. இப்போது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. பெயரும் ஆண்டும் ஓரளவு உறுதியான பின்பே கட்டணம் கட்டித் தேடச் சொல்லுங்கள்.

கல்லறைகளைப் பொறுத்தவரை, நேரில் போய்க் கல்லைப் படிக்கும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. 1865 முதல் 1907 வரை கிறிஸ்தவர்களை அடக்கம் செய்த புக்கிட் தீமா ரோடு கல்லறைத் தோட்டம் பின்பு கம்போங் ஜாவா பூங்காவாயிற்று. 1908-இல் திறந்த பிடாடாரியின் கல்லறைகள் 2000களின் தொடக்கத்தில் தோண்டியெடுக்கப்பட்டு, அங்கே இப்போது வீடுகள் எழுந்துள்ளன. சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறை 15 ஆண்டுதான் இருக்கலாம் என்ற வரம்பு 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே கல்லைத் தேடாமல் அடக்கப் பதிவேட்டைத் தேடுங்கள். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய கல்லறைத் தோட்டங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை அதன் இணையத் தேடலிலேயே முதலில் பார்த்துவிட்டுப் போகலாம். குடும்பத்தாரின் பழைய படங்களில் கல்லறைக் கல் தெரியும் படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் படிக்கவும் மறக்க வேண்டாம். தந்தையின் பெயரும் பிறந்த ஊரும் அதில் பொறித்திருப்பார்கள்.

கடல் கடந்து

தேடல் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி போன்ற திருநெல்வேலி ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள சேகர குருவுக்கு (அவ்வட்டாரச் சபைகளின் குரு) தமிழிலேயே கடிதம் எழுதுவது மின்னஞ்சலைவிட விரைவாகப் பலன் தருகிறது. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் பதிவேடுகளில் மெட்ராஸ் மாகாண ஞானஸ்நானங்கள் உண்டு என்று கேள்விப்பட்டுப் பலர் அங்கே பணம் செலவழிக்கிறார்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவை. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனின் கடிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. முன்னோர் உபதேசியாராகவோ மிஷன் பள்ளி ஆசிரியராகவோ இருந்திருந்தாலொழிய அவற்றில் பெயர் அகப்படுவது அரிது.

உயிரோடு இருப்பவர்களைக் கண்டுபிடித்த பின்

கடைசிக் கட்டத்தைச் செய்து தருபவர்கள் பெரும்பாலும் சபையின் மூத்த பெண்மணிகளே. பெயரும் தெருவும் சொன்னால் ‘அவுக மகளைத் தேக்கா பக்கம் கட்டிக்கொடுத்ததாச்சே’ என்ற அளவில் பதில் வரும். கணினியால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. அவரிடம் பேசும்போது புத்தகத்தின் படங்களைக் காட்டுங்கள், புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். இணையத்தில் அறிவிப்பதானால் மறைந்தவர்களின் பெயரை மட்டும் வெளியிட்டு, உயிரோடு இருக்கக்கூடியவர்களின் பிறந்த தேதிகளை மறைத்துவிட வேண்டும். ஒரு குறிப்பை, குறிப்பாக இளம் வயதில் இறந்த குழந்தையின் பெயரையோ இரண்டாம் திருமணத்தையோ, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உரிமை கோரி வருபவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், உண்மையான குடும்பத்தாருக்குப் பதில் தெரிந்திருக்கும். அல்லது வீட்டில் யாரைக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

அந்த ‘திகதி’ப் புத்தகத்தை ஒப்படைக்கப் போனபோது, அக்குடும்பத்தின் மூத்த அம்மாள் ஞானஸ்நானக் குறிப்பைக் கடந்து, கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த மளிகைக் கணக்கைத்தான் விரலால் தடவிப் பார்த்தார், அது தம் அம்மம்மாவின் கையெழுத்து என்றார். அதை நான் படமே பிடித்திருக்கவில்லை. ஆகவே ஒப்படைப்பதற்கு முன் அட்டை முதல் அட்டை வரை எழுத்துள்ள எல்லா இடங்களையும், கணக்கும் கிறுக்கலும் உட்படப் படம் பிடித்து, புத்தகம் எங்கே கிடைத்தது, எந்தப் பதிவேட்டின் வழியாக அவர்களைக் கண்டடைந்தீர்கள் என்பதைத் தனித் தாளில் எழுதி, தேதியும் உங்கள் பெயரும் இட்டு, அதையும் புத்தகத்தோடு உறையில் வைத்துக் கொடுங்கள்.